மார்ஜினில் கை வைத்தவர்களின் கதை

செம்பூரோ, மாதுங்காவோ, தாராவியோ, ஞாயிற்றுக்கிழமை நம்மூர்க்காரர் வீட்டில் காபி குடிக்க உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் பையனின் கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது. "ஓவர்கிளாக் பண்ணணுமாம் சார், அதுக்குத் தனி மதர்போர்டு, தனி ரேம் வேணுமாம். இதுல விஷயம் இருக்கா, காசு வேஸ்ட்டா?" என்று கேட்கிறார்கள். பி.காம் படித்து பேங்கில் குப்பை கொட்டுகிறவனிடம் கேட்கும் கேள்வியா இது! ஆனாலும் இந்த விஷயத்தின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, இது எங்கள் தொழில் சமாச்சாரம்தான் என்று தோன்றியது.

கடையில் நூறு ரூபாய் சரக்கு இருந்தால் அதன் மேல் எழுபத்தைந்து ரூபாய் கடன் கொடுப்போம். மீதி இருபத்தைந்து, மார்ஜின். விலை இறங்கலாம், சரக்கு கெட்டுப் போகலாம், அதற்காக. சிப் தயாரிப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். 450 மெகாஹெர்ட்ஸ் ஓடக்கூடிய சிப் மேல் 300 என்று அச்சடிப்பார்கள். மே மாதப் புழுக்கத்திலும், மட்டமான பவர் சப்ளையிலும், பல வருஷம் கழித்தும் அது தப்பில்லாமல் ஓட வேண்டுமே. அந்த மார்ஜினை எடுத்துச் செலவழிப்பதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்.

முதலில் கை வைத்தவர்கள் ஆர்வக்கோளாறுகள். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. உள்ளே ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம், அதன் துடிப்பில் பாதிதான் பிராசஸருக்கு. அமெரிக்காவில் சிலர் அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினார்கள். சில டாலர் செலவில் வேகம் 8 ஆகிவிட்டது! ஐபிஎம் சும்மா இருக்குமா? பின்னால் வந்த ஏடிகளில், வேகம் கூடியிருந்தால் கிளம்பும்போதே கண்டுபிடிக்கும் சோதனையை பயாஸில் சேர்த்துவிட்டது.

அடுத்து கை வைத்தவர்கள் மோசடிக்காரர்கள். 1990-களில் குறைந்த வேகச் சிப்பின் எழுத்தை அழித்துவிட்டு, அதிக வேக எண்ணை அச்சடித்து விற்றார்கள். வாங்கியவருக்குத் தான் ஓவர்கிளாக் செய்த சிப்பை வைத்திருக்கிறோம் என்பதே தெரியாது. பிராசஸரின் வேகம் என்பது மதர்போர்டு பஸ்ஸின் வேகத்தை ஒரு எண்ணால் பெருக்கி வருவது. 1998 வாக்கில் இன்டெல் அந்தப் பெருக்கும் எண்ணைப் பூட்டிவிட்டது.

கதை திரும்புவது இங்கேதான். பெருக்கும் எண்ணை மாற்ற முடியாது என்றால் பஸ்ஸின் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். பஸ்ஸைக் கூட்டினால் அதோடு சேர்ந்து ரேமும் மதர்போர்டும் ஓட வேண்டும். நம்மூர்ப் பையன்கள் தனி ரேம், தனி மதர்போர்டு கேட்பதன் வேர் இதுதான்.

1998 ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. 66-ஐ 4.5 ஆல் பெருக்கினால் 300. பஸ்ஸை 100 ஆக்கினால் 450. அதே மாதம் வெளியான பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் விலை 669 டாலர். செலரானின் விலை 149 டாலர்தான்! அபிட் பிஹெச்6 போன்ற மதர்போர்டில் பயாஸ் திரையிலேயே பஸ்ஸை மாற்றலாம். கூடவே 100 மெகாஹெர்ட்ஸ் தாங்கும் ரேம் வேண்டும், அவ்வளவுதான்.

மும்பையில் இதற்கெல்லாம் இடம் லாமிங்டன் ரோடு. (அரசாங்கப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் டாக்ஸிக்காரரே முழிப்பார்.) மாதுங்கா ரோட்டில் வெஸ்டர்ன் லைன் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கினால் நடை தூரம். போர்டு, ரேம், கேபினெட் எல்லாம் தனித்தனியாக விலை பேசி வாங்கி அசெம்பிள் செய்துகொள்ளலாம். கம்பெனிக் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாத நடுத்தரக் குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த வழியே அதுதான்.

இதில் ஆபத்து எங்கே? 66-க்கும் 100-க்கும் நடுவில் 75, 83 என்று வைத்தால் தகராறு. ஹார்ட் டிஸ்க் பேசும் பிசிஐ பாதைக்கு விதித்த வேகம் 33. பஸ்ஸை 83 ஆக்கினால், அதில் பாதியாக அது 41-ஐத் தாண்டிவிடும். கம்ப்யூட்டர் நின்றுபோனால் கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே ஃபைல்களைத் தப்பாக எழுதினால்?

ரேமிலும் இதே கதை. ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்சாரம். அது கசிந்துகொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். படிக்க ஒரு குறைந்தபட்ச அவகாசம் வேண்டும். அவசரப்படுத்தினால் 0 என்பது 1 ஆகும். 1,000 ரூபாய் இருக்கும் கணக்கில் ஒரே ஒரு பிட் புரண்டால் 5,096 ஆகலாம். இன்னும் மேலே உள்ள பிட் என்றால் 10,49,576. (வாடிக்கையாளர் புகார் கொடுக்க மாட்டார்!)

இதற்கு அந்தக் காலத்தில் ஒரு காவல் இருந்தது. 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் 8 பிட்டுக்கு ஒரு பிட் வீதம் பாரிட்டி என்று கூடுதலாக வைத்தார்கள். எங்கள் ட்ரையல் பேலன்ஸ் மாதிரி. தப்பு இருக்கிறது என்று சொல்லும், எது தப்பு என்று சொல்லாது. தப்பைத் திருத்தவும் வழியை பெல் ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950-லேயே எழுதிவிட்டார். சர்வர்களில் இருக்கும் இசிசி ரேம் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் 1990-களில் விலையைக் குறைக்க வேண்டி வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பாரிட்டியை எடுத்துவிட்டார்கள். ஆக, ஆடிட்டரையும் அனுப்பிவிட்டு மார்ஜினையும் செலவழிக்கிறோம்.

பிட்டுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். இதே மும்பையில், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்து கிண்டியில் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில் 1960-ல் டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். 2,700 வால்வுகள். நினைவகம் ஃபெரைட் வளையங்களால் ஆனது, 40 பிட் கொண்ட 2,048 சொற்கள், அதாவது 10 கேபி. இன்று பையன் கேட்கும் 16 ஜிபி அதைப் போல் 16 லட்சம் மடங்குக்கும் மேல். அத்தனை பிட்டில் ஒன்று புரண்டால் யார் கண்டார்கள்?

கடைசியாக மார்ஜினில் கை வைத்தவர்கள் தயாரிப்பாளர்களே. 2007-ல் இன்டெல் எக்ஸ்எம்பி என்று கொண்டுவந்தது. பயாஸில் ஒரு தேர்வு, ரேம் தன் கூடுதல் வேகத்துக்குப் போய்விடும். இன்று 6000 என்று அட்டையில் போட்டிருக்கும் டிடிஆர்5 ரேம், பயாஸைத் தொடாவிட்டால் பெரும்பாலும் 4800-ல்தான் ஓடும். மீதி வேகம் ஓவர்கிளாக் கணக்கில் வருவது. இதனால் வாரண்டி போகலாம் என்று இன்டெலே சொல்கிறது.

எனவே கேட்டவர்களுக்கு என் பதில்: விஷயம் இருக்கிறது. பையன் செய்யட்டும், நிறையக் கற்றுக்கொள்வான். ஆனால் கடன் கொடுத்தால் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வாங்குகிறோம் அல்லவா? அதுபோல வேகத்தைக் கூட்டியதும் மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். டிசம்பரில் பாஸ் ஆனாலும் மே மாதம் இன்னொரு தடவை.

முக்கியமாக, ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் பாட்டியின் குரல், தாத்தாவின் சதாபிஷேக போட்டோ எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். அவற்றை வேகம் கூட்டாத வேறொரு கம்ப்யூட்டர் வழியாக, தனி டிஸ்க்கில் முதலில் காப்பி எடுத்து வையுங்கள். கூட்டிய பிறகு எடுத்தால், புரண்ட பிட்டும் சேர்ந்துதான் காப்பி ஆகும். அதன் பிறகு பையன் பயாஸுக்குள் போகட்டும்.