குர்குமின் நானோதுகளும் மனச்சோர்வு மருத்துவமும்

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் கரையாது. பி.எச். 7.2 அளவுள்ள கரைசலில் அதன் பெரும்பகுதி அரை மணி நேரத்திலேயே சிதைந்துவிடுகிறது. குடலைத் தாண்டும் சொற்ப அளவையும் கல்லீரல் உருமாற்றிக் கழித்துவிடுகிறது. 1998-இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்றில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது உட்கவர்வு 2000 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் பைப்பரின் மற்ற மருந்துகளின் சிதைவையும் தடுக்கக்கூடியது. பல மாத்திரைகள் உண்ணும் நோயாளிக்கு இது ஆபத்து. நானோதுகள் வழி கவனம் பெற்றது இதனால்தான்.

‘தாவர நானோதுகள்’ என்ற பெயருக்குள் மூன்று வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. தாவர மருந்தைப் பலபடி அல்லது கொழுப்பு உறையில் பொதிந்த துகள் ஒன்று. இஞ்சி, பம்பளிமாசு போன்றவற்றின் செல்களில் இயல்பாகவே உள்ள நுண்பைகள் மற்றொன்று. இலைச்சாற்றால் ஒடுக்கப்பட்ட வெள்ளி போன்ற உலோகத் துகள் மூன்றாவது. கடைசி வகையில் தாவரத்தின் பங்கு தயாரிப்போடு முடிந்துவிடுகிறது. உடலுக்குள் போவது உலோகமே. வாய்வழி வெள்ளித்துகள் ஊட்டிய எலிகளில், ஊட்டலை நிறுத்தி எட்டு வாரங்களுக்குப் பின்னும் மூளையில் வெள்ளி தங்கியிருந்தது. மனநோய்க்கு இதைப் பரிந்துரைக்கும் கட்டுரைகளை ஐயத்துடனேயே படிக்க வேண்டும்.

பொதிதுகளின் செயல்முறை தெளிவானது. சிற்றுருவ மருந்துகளில் பெரும்பாலானவற்றை இரத்த–மூளைத் தடுப்பு உள்ளே விடுவதில்லை. துகளின் மேல் பாலிசார்பேட் 80 பூசினால், இரத்தத்திலுள்ள அப்போலிப்போபுரதம் ‘இ’ அதில் ஒட்டிக்கொள்கிறது. நுண்குழல் சுவரின் ஏற்பிகள் அதைக் கொழுப்புப்புரதம் என்றே கொண்டு உள்ளிழுக்கின்றன. ஜெர்மனியின் யோர்க் க்ராய்ட்டர் குழு 1990-களில் நிறுவிய வழி இது.

ஆயினும் மூளையை அடைவது வேறு, மனச்சோர்வைத் தீர்ப்பது வேறு. விலங்காய்வுகள் பலவும் 1977-இல் பொர்சோல்ட் அறிமுகப்படுத்திய கட்டாய நீச்சல் சோதனையையே நம்புகின்றன. நீரில் விடப்பட்ட எலி அசைவற்று மிதக்கும் நேரம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்கிறார்கள். அந்த அசைவின்மை நம்பிக்கையிழப்பா, ஆற்றலைச் சேமிக்கும் தகவமைப்பா என்ற வாதம் ஓயவில்லை. மனிதரில் நடந்த பாவ்நகர் ஆய்வில் (2014) 60 நோயாளிகள் ஆறு வாரம் ஃப்ளூவாக்ஸெட்டின், குர்குமின், இரண்டின் கூட்டு எனப் பிரிக்கப்பட்டனர். குழுக்களிடையே புள்ளியியல் வேறுபாடு இல்லை. இதைச் சமவலிமைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. வெற்று மாத்திரைக் குழுவே அதில் இல்லை. மனச்சோர்வு ஆய்வுகளிலோ வெற்று மாத்திரைக்கும் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தேறுவது வழக்கம்.

தூக்கமின்மைக்கு இதே உத்தியை நீட்டும்போது சிக்கல் கூடுகிறது. நானோதுகளின் பெருமையாகச் சொல்லப்படுவது மெதுவான வெளியீடு. தூக்கம் பிடிக்காதவருக்கு வேண்டியதோ, படுத்த சிறிது நேரத்தில் வேலை செய்து விடிவதற்குள் விலகும் மருந்து. மணிக்கணக்கில் கசியும் துகள் மறுநாள் பகலுக்கும் மயக்கத்தை நீட்டக்கூடும்.

இனி வரும் ஆய்வுகளுக்கு நான்கு குழுக்களாவது தேவை: வெற்று மாத்திரை, சாதாரணக் குர்குமின், குர்குமின் பொதிந்த துகள், மருந்தில்லாத வெறும் துகள். கொழுப்பு உறையும் பூச்சும் தாமாகவே உயிரியல் விளைவு உடையவை. நான்காம் குழு இல்லாவிட்டால், பலன் மஞ்சளுடையதா உறையினுடையதா என்று பிரித்தறிய முடியாது.