பிறீவீல் இல்லாத சைக்கிள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பழைய பந்தயச் சைக்கிளின் கியர்களையும் பிறீவீலையும் கழற்றிவிட்டு அதனை 'பிக்ஸ்ட் கியர்' வண்டியாக மாற்றி ஓட்டும் வழக்கம் 2000களில் மேற்குலக நகரங்களில் பரவியது. இதனை இளைஞரின் புதுமோகம் என்று சொல்வோர் பலர். என் பார்வையில் இது புதுமையன்று; சைக்கிளின் ஆதி வடிவத்துக்குத் திரும்புதலே.

இவ்வண்டியில் பின்சில்லும் பெடலும் பிணைக்கப்பட்டவை. சில்லு உருளும் வரை காலும் சுழன்றாக வேண்டும். 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தின் கொவென்றியில் உருவாக்கிய றோவர் சைக்கிளும் இவ்வகையினதே. காலை ஓய்வாக வைத்திருக்க இடந்தரும் பிறீவீல் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பொதுவழக்கிற்கு வந்தது.

அதன் பின் எழுந்த கியர் விவாதத்தின் இரு முனைகளிலும் எமது தொழிலைச் சேர்ந்தவர்களே நின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஒருவர் 'லோட்டோ' பத்திரிகையின் ஆசிரியரும், 1903 இல் ரூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடக்கியவருமான ஹென்றி டெகிராஞ்ச். 1893 இல் ஒரு மணித்தியாலத்தில் 35.325 கிலோமீற்றர் ஓடிச் சாதனை படைத்த அவர், கியர் மாற்றும் கருவி முதியோருக்கே உரியது, பந்தயத்தை வெல்ல வேண்டியது தசையே என்று கருதினார். மற்றவர் 'லு சிக்லிஸ்ற்' சஞ்சிகையை நடத்திய போல் டி விவீ. பல கியர்களே சாதாரண மனிதனை மலையேற்றும் என்று அவர் வாதாடினார்.

அதிகாரம் டெகிராஞ்சிடம் இருந்தது. எனவே வீரர்கள் பின்சில்லின் இருபுறமும் வெவ்வேறு அளவிலான பற்சக்கரங்களைப் பூட்டி, மலையடிவாரத்தில் இறங்கி, சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டனர். கியர் மாற்றும் கருவிக்கு 1937 இலேயே அனுமதி கிடைத்தது. டி விவீ 1930 இல் காலமாகிவிட்டார்.

இவ்வரலாற்றின் தடயம் சைக்கிள் சட்டத்திலேயே உண்டு. பின்சில்லின் அச்சு பொருந்தும் வெட்டு, கிடையாகவும் நீளமாகவும் இருந்தால்தான் சில்லைப் பின்னுக்கிழுத்துச் செயினை இறுக்கலாம். யாழ்ப்பாணத்தில் றலி, ஹம்பர் ஓட்டியோருக்கு இது தெரிந்த வேலை. கியர் வண்டியில் செயினின் தளர்வைக் கருவியே எடுத்துக்கொள்ளும் என்றாலும், உற்பத்தியாளர்கள் பல தசாப்தங்களாக அந்த வெட்டைக் கைவிடவில்லை. 1970களின் சட்டங்கள் இம்மாற்றத்துக்கு இசைவதும், நிலைக்குத்து வெட்டுள்ள பிற்காலச் சட்டங்கள் இசையாததும் இதனாலேயே.

ஆனால் ஓட்டப்பாதையில் பிறேக் இன்றி ஓடும் வண்டி வேறு, வீதி வேறு. 2016 இல் லண்டனில், முன் பிறேக் இல்லாத இத்தகைய வண்டி மோதிப் பாதசாரிப் பெண்ணொருவர் உயிரிழந்தார். தகுந்த நவீன சட்டம் இன்மையால், 1861 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் ஓட்டுநருக்கு 2017 இல் 18 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரித்தானிய விதிப்படி பிணைந்த பின்சில்லு ஒரு பிறேக்காகக் கொள்ளப்படும். முன் பிறேக் கட்டாயம். பழைய சட்டத்தை மாற்றியமைப்போர் எதைக் கழற்றினாலும், அதை மட்டும் கழற்றலாகாது.