மலைநாட்டு இல்லமும் மூத்தோர் இடமும்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் தேயிலைச் செடிகள் பாய் விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கின்றன. அப்பசுமையின் இடையிடையே தகரக் கூரை வேய்ந்த நீண்ட வரிசைக் கட்டடங்கள் தென்படும். அவையே லயங்கள். மலையகத் தமிழரின் குடும்ப வரலாற்றின் பெரும் பகுதி அவற்றின் சுவர்களுக்குள்ளேயே நடந்தேறியது. அவ்வரலாற்றில் ஒரு கேள்வி தலைமுறைதோறும் விடையின்றித் தொடர்ந்து வந்துள்ளது. பிள்ளைகள் வளர்ந்து மணம் முடித்த பின், வீட்டின் மூத்தோர் எங்கே தலை சாய்ப்பது என்பதே அக்கேள்வி.

இதன் வேரைக் காணவேண்டுமாயின் கோப்பிக் காலத்துக்குச் செல்லவேண்டும். கம்பளைக்கு அண்மையில் 1820களில் தொடங்கிய கோப்பிச் செய்கை, அடுத்த இருபது ஆண்டுகளில் மலைநாடெங்கும் பரவிற்று. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் ஊர்களிலிருந்து மக்கள் கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறினர். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டில் சில மாதங்களே. அக்காலம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஆகவே தோட்டத்துரைமார் அவர்களுக்கென எழுப்பிய கட்டடம், சில மாதம் தங்கிப் போகும் வேலையாளுக்கான கொட்டகையாகவே இருந்தது. அதிலே குடும்பம் என்பதற்குக் கணக்கில்லை. முதுமை என்பதற்கு அறவே இடமில்லை.

1869 ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளில் ஒருவகைப் பூஞ்சணநோய் காணப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது கோப்பிச் செய்கையையே அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867 இல், லூல்கந்தரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. இம்மாற்றம் பயிரோடு நிற்கவில்லை. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். எனவே ஆடவர் தனியே வந்துபோன காலம் மறைந்து, கணவன், மனைவி, பிள்ளைகள் எனக் குடும்பங்கள் மலையிலே நிலைகொண்டன. வாழ்வு நிலையானதாக மாறிற்று. வீடு மட்டும் தற்காலிகக் கொட்டகையாகவே எஞ்சிற்று.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதே லயத்து அறையின் வழக்கமான அளவு. முன்னே ஒரு சிறு தாழ்வாரம். பல லயங்களில் நடுச்சுவருக்கு இப்பாலும் அப்பாலும் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. ஆதலால் பின்கதவும் இல்லை, குறுக்கே ஓடும் காற்றும் இல்லை. அறையை மக்கள் காம்பரா என்றனர்; தாழ்வாரத்தை இஸ்தோப்பு என்றனர். காம்பரா போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். இஸ்தோப்பு ஒல்லாந்தர் சொல். லயம் என்பதோ ஆங்கிலேயரின் ‘லைன்’ திரிந்தது. நாட்டை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரின் சொற்களும் ஒரு கூலியாளின் ஒற்றை அறைக்குள் அடங்கிவிட்டன. இங்கிலாந்தில் லீட்ஸ் முதலிய ஆலை நகரங்களிலும் இவ்வாறு முதுகொட்டிய வீடுகள் இருந்தன. அவை உடல் நலத்துக்குக் கேடு என்று கண்டு, புதிதாகக் கட்டுவதை 1909 ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்நாட்டார் தடுத்தனர். மலைநாட்டிலோ அத்தகைய லயங்களில் பல தலைமுறை மக்கள் பிறந்து மறைந்தனர்.

இவ்வறைக்குள் மூன்று தலைமுறை எங்ஙனம் வாழ்ந்தது? மகனுக்கு மணமானதும் காம்பரா புதுமணத் தம்பதிக்குரியதாகும். இடையே ஒரு பழைய சேலையோ சாக்கோ திரையாகத் தொங்கும். தாத்தாவும் அப்பாயியும் இஸ்தோப்புக்குப் போவர். தமிழகத்துக் கிராமத்தில் திண்ணை மூத்தவரின் அரியாசனம். அங்கே அவர் அமர்ந்து வருவோரை வரவேற்பார், வழக்குக் கேட்பார். மலைநாட்டு இஸ்தோப்பும் தோற்றத்தில் திண்ணையை ஒத்ததே. ஆயினும் ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாப் பகுதியின் மார்கழிக் குளிரிலே, சாக்குத் துணியால் மறைத்த தாழ்வாரத்தில் படுப்பது அரியாசனமன்று. அடுப்படியின் வெப்பமே முதியோருக்குத் துணையாயிற்று.

அம்முதியோர் வேலையற்றோருமல்லர். மருமகள் விடியுமுன் பிரட்டுக்களத்துக்குப் போனால், பச்சிளங் குழந்தையைப் பார்ப்பவள் அப்பாயியே. பிள்ளைக்காம்பராக்களிலும் வயது முதிர்ந்த பெண்களே நெடுங்காலம் குழந்தைகளைப் பேணினர். தோட்டத்தின் உற்பத்தி இவர்களின் மடியில் தங்கியிருந்தது என்றாலும் மிகையாகாது. ஆயினும் காம்பரா தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்துப் பெயர்ப்பதிவில் இருக்கும்வரையிலேயே அக்கூரை அவர்களுக்குரியது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் ஓய்வு பெறுவோர் கையில் ஒரு தொகையைக் கொடுத்தன. நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்த கைக்கு ஒரு கதவின் சாவியை எச்சட்டமும் கொடுக்கவில்லை.

இந்நெருக்கடியின் மேல் அரசியலின் பாரமும் வந்து விழுந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தாய் தந்தையர் இந்தியப் பிரசைகளாகவும் மகன் இலங்கைப் பிரசையாகவும் ஆகி, ஒரே காம்பரா இரு நாடுகளாகப் பிளவுண்ட நிகழ்ச்சிகள் பல. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே மக்கள் பெயரிட்டனர். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழ்நாட்டரசு 1968 இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. அங்கும் அவர்களுக்குக் கிடைத்தது வேலையோடு பிணைந்த குடியிருப்பே.

மலையக இலக்கியம் இத்துயரைக் காணாதிருக்கவில்லை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்றே பெயர் சூட்டினார். தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றை அறையில் முடங்கிய குடும்பத்தின் மானப் போராட்டத்தைச் சொல்வது. இடவசதி என்பது சுகத்தை மட்டும் பற்றிய செய்தியன்று. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் நாணமின்றி நோக்குவதற்குரிய நிபந்தனை என்பதை அக்கதை உணர்த்துகிறது.

1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. துரைமார் மாறினர், லயங்கள் மாறவில்லை. இதற்கிடையில் மக்கள் தாமாகவே இஸ்தோப்பைச் சுவரெழுப்பி அறையாக்கினர். பின்புறம் இடமிருந்தவிடத்துத் தகரமும் பலகையும் கொண்டு குசினி இறக்கினர். மலைநாட்டில் குடும்பத்துக்கென வரையப்பட்ட முதல் வீட்டுப் படங்கள் இவையே எனலாம்.

2014 ஒக்டோபர் 29 அன்று, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இருக்கும் இடத்தையே மாற்றவேண்டும் என்பதை நாடு முழுதும் உணர்ந்த நாள் அது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் கொள்கை அதன்பின் வலுப்பெற்றது. இந்திய உதவியால் முதலில் 4,000 வீடுகள் தோட்டப்பகுதிகளுக்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் மக்கள் முன் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018 இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

இப்புதிய வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் படுக்கையறைகள் இரண்டு. ஒன்று பெற்றோருக்கு, மற்றொன்று பிள்ளைகளுக்கு என்றால், தாத்தாவும் அப்பாயியும் முன் கூடத்துக்கே போகவேண்டும். பழைய இஸ்தோப்பு பெயர் மாறித் திரும்பி வந்துவிடும். இதனைத் தடுக்கும் வழி அந்த ஏழு பேர்ச்சிலேயே இருக்கிறது. ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சிய நிலத்தில், முற்றத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் ஒதுக்கிய பின்னரும், முதியோருக்கென ஓர் அறையும் சிறு அடுப்படியும் கழிப்பறையும் அமைக்க இடமுண்டு. அது தனிக் கதவுடையதாக, ஆனால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருத்தல் வேண்டும். படியேறாமல் நுழையத்தக்க தரை வேண்டும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மழையோடு மோதுவதால், வாயில் அத்திசைக்குப் புறங்காட்டி நிற்பது நலம். நிலத்தைத் தட்டையாக்க மலையை வெட்டிய விளிம்பில் அவ்வறையை ஒதுக்கலாகாது. கூடுதலாகக் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பின் ஆலோசனையைப் பெறல் இன்றியமையாதது. பணம் பின்னர் வரினும், இடத்தை முதலிலேயே படத்தில் குறித்து வைக்கலாம்.

கட்டடத்தைப் போலவே எழுத்தும் வேண்டும். ஜேர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் உழவர் குடும்பங்களில், பண்ணையை மகனிடம் ஒப்படைக்கும் தந்தை, தமக்கும் தம் மனைவிக்கும் உயிருள்ளவரை தனி இருப்பிடமும் உணவுப் பங்கும் உண்டென உறுதியிலேயே எழுதி வாங்குவது பழைய வழக்கம். ‘ஆல்டன்டைல்’ என்பது அதன் பெயர். யாழ்ப்பாணத்தார் உறுதிகளில் காணும் ‘சீவிய உரித்து’ என்பதும் அதனோடு ஒத்ததே. உறுதியே கையில் இல்லாதிருந்த மலையகத்தாருக்கு இவ்வழக்கம் எட்டாதிருந்தது. காணியுறுதி கிடைக்கும் இன்று, மூத்தோரின் சீவிய உரித்தையும் அதிலே சேர்த்தெழுதுவது பற்றி நொத்தாரிசைக் கேட்டறிவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் இயன்ற செயல்.

இன்றும் எண்ணற்ற குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. அவற்றுக்குரிய வீடுகள் இனித்தான் எழவேண்டும். படங்கள் இனித்தான் வரையப்பட வேண்டும். லயத்தை வரைந்தவன் வேலையாளை அளந்தான். இனி வரைவோர் குடும்பத்தை அளக்கட்டும். அளவு நாடாவை விரிக்குமுன், அவ்வீட்டில் வாழும் முதியவளை அழைத்து, அவளுக்கு எந்தப் பக்கம் வெயில் வேண்டும் என்று கேட்பார்களாக.