கொல்லிப் பண்ணும் குடுமியான்மலைப் பாறையும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உள்ளது (153). ஓரி வாரி வழங்கிய கொடையில் பசி தீர்ந்த பாணர் சுற்றம் ஆடவும் மாட்டாமல், பாடலையும் மறந்துவிட்டதாம். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கோ வேறொரு மறதி நினைவுக்கு வரும்.

அம்மலையின் பெயரிலேயே தேவாரத்தில் ஒரு பண் உண்டு. அப்பர் திருவதிகையில் பாடிய முதற்பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. இன்று ஓதுவார்கள் அதனை நவரோசு இராகத்தில் பாடுகின்றனர். 7ஆம் நூற்றாண்டிலும் அது இப்படித்தான் ஒலித்ததா? ஏடுகள் சொல்லைக் காத்தன, இசையைக் காக்கவில்லை. தில்லையில் ஏடுகள் கிடைத்தபின், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண் வகுத்ததாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. புராணச் செய்திதான். ஆயினும், ஏட்டில் இல்லாதது ஒருத்தியின் குரலில் இருந்தது என்னும் நினைவை அது வைத்திருக்கிறது.

இசையையே எழுதிவைக்க முயன்றோரும் உளர். புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு எழுத்தில், ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகள் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனும் சிவபக்தனுமாகிய ஓர் அரசன் மாணாக்கர் நலனுக்காக இதனைச் செய்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. (மகேந்திரவர்மன் என்பாரும் உண்டு, கல்லில் பெயர் இல்லை.) இது பாட்டன்று, பாடம். எபிகிராபியா இண்டிகா 12ஆம் தொகுதியில் பந்தர்க்கர் இதனைப் பதிப்பித்தார். ஒரே சுரம் ச, சி, சு, செ என உயிர் மாறி வருகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளிகள் உள்ளன. அவை எதனைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. கல் பிழைத்தது, சொல்லிக்கொடுத்த வாய்தான் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓதுவாரிடம் பாடம் கேட்டபோது, பதிவு செய்துகொள்ள அனுமதி வேண்டினேன். "நான் பாடி முடித்ததைப் பதிவு செய்யுங்கள் ஐயா, பாடம் எதற்கு?" என்றார். வற்புறுத்திய பின்பே இசைந்தார். அப்பதிவில் ஒரு சிறுவன் கொல்லிப் பதிகத்தின் முதலடியைப் பாடுகிறான். மும்முறை நிறுத்தி, "அங்கே அசைக்காதே, நில்" என்கிறார். ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் நான் வாங்கிச் சேர்த்த தேவாரங்களில் இந்த 'நில்' எங்கும் இல்லை. பதிவின் அப்பகுதியை மட்டும் இரண்டு படிகள் எடுத்து வைத்திருக்கிறேன்.