ஹாலுக்கு எந்த சாஸ்திரம்?

எங்க ஊர்ப் பக்கம் இப்ப யார் வீடு கட்டினாலும் முதல் கேள்வி, "ஹால் எவ்வளவு?" என்பதுதான். கலசப்பாக்கத்துப் பழைய வீடுகளில் ஹால் கிடையாது. திண்ணை, நடை, தாழ்வாரம், கூடம் என்று இருந்தது. வந்தவர் திண்ணையோடு நிற்பார், நெருங்கியவர் கூடம் வரை வருவார். சோபாவும் டிவியும் வைத்து, வருகிற எல்லோரையும் உட்காரவைக்கும் ஒரே அறை என்பது சமீபத்திய சரக்கு. பிறகு அந்த அறைக்கு வாஸ்துவும் ஃபெங் சுயியும் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன்.

ஃபெங் சுயியை முதலில் பார்ப்போம். ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் தண்ணீர். இந்தக் கலையின் மூல நூலாகச் சொல்லப்படுவது குவோ பூ (276–324) பெயரில் வழங்கும் 'ஜாங் ஷூ'. அந்தப் பெயருக்கு அர்த்தம் 'அடக்க நூல்'. பிணத்தை எங்கே புதைத்தால் சந்ததி தழைக்கும் என்பதுதான் அதன் விஷயம். உயிர்மூச்சு காற்றில் கலைந்துவிடும், தண்ணீர் கண்டால் நிற்கும், அதனால் காற்று அடங்கி நீர் அருகே இருக்கும் இடத்தைத் தேடு என்கிறது. (ஜவ்வாது மலையில் இருக்கும் கற்திட்டைகளும் செத்தவர்களுக்குக் கட்டிய வீடுகள்தான். இதை வைத்து யாரும் சீனத் தொடர்பு கண்டுபிடிக்க வேண்டாம்!)

அப்படின்னா சோபாவை எந்த மூலையில் போடணும்னு சொல்ற ஃபெங் சுயி எது? அதில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. லின் யுன் (1932–2010) என்ற சீன ஆசிரியர் அங்கே போய், திசைகாட்டியையே ஓரங்கட்டிவிட்டு, எட்டுப் பிரிவுப் படத்தை வாசற்படியோடு பொருத்தச் சொன்னார். உள்ளே நுழைந்ததும் தூரத்து இடது மூலைதான் செல்வ மூலை. அது எந்தத் திசையாக இருந்தாலும் சரி. அவருடைய மாணவி சாரா ராஸ்பாக் 1983-இல் எழுதிய புத்தகம் இதை ஆங்கில உலகத்துக்குக் கொண்டுபோனது. அடுக்குமாடிக் குடியிருப்புக்காரருக்கு இது ரொம்ப வசதி. மலையும் ஆறும் வேண்டாம், கதவு ஒன்று இருந்தால் போதும். நம்ம ஊர் ஃபேன்சி ஸ்டோரில் சிரிக்கும் புத்தர் விற்பதும் அந்த வசதியால்தான்.

பழைய ஃபெங் சுயி மலையை முதுகுக்கும் தண்ணீரை முகத்துக்கும் வைக்கும். வட சீனத்தில் குளிர்காற்று வடக்கிலிருந்து அடிக்கும், அதைத் தடுக்க மலை வேண்டும், வெயிலுக்குத் தெற்கு வாசல் வேண்டும். நமக்கும் மேற்கே மலை, பக்கத்தில் செய்யாறு. ஆனால் ஏப்ரல் மாதம் கலசப்பாக்கத்தில் இருந்து பாருங்க, காற்றைத் தடுக்கச் சொல்கிறவனைக் கட்டிவைத்து உதைக்கத் தோன்றும். முற்றமும் தாழ்வாரமும் காற்றை உள்ளே கூப்பிடுவதற்காக வந்தவை.

நம்ம பக்கத்து நூல்களின் கதை வேறு. சிற்ப சாஸ்திரங்களை முதலில் ஆங்கிலத்தில் எழுதியவர்களில் முக்கியமானவர் தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஜ். பெங்களூரில் நீதித்துறை வேலையில் இருந்தவர். அவர் எழுதிய நூல் 1834-இல் லண்டனில் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் பயன்படுத்திய 'மானசாரம்' முழுசாக அச்சாகி மொழிபெயர்ப்போடு வர 1930-கள் ஆயிற்று. அதைச் செய்தவர் பி.கே. ஆச்சார்யா. இதற்கு நடுவே சாதாரண ஜனங்கள் கையில் இருந்தது 'மனையடி சாஸ்திரம்' என்ற மெல்லிய புத்தகம். 10 அடி நல்லது, 11 நல்லது, 12 ஆகாது, 16 நல்லது என்று போகும்.

இந்த 12-இல்தான் எங்க மாமா மாட்டிக்கொண்டார். ரிட்டயர்மென்ட் பணத்தில் கட்டிய வீடு. ஹாலின் உள் அகலம் சரியாக 12 அடி. பார்க்க வந்த ஒரு வாஸ்து நிபுணர், உள்ளே இன்னொரு சுவர் எழுப்பி 11 ஆக்கச் சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பையனுக்கு வரன் அமையாததற்கும் இதுதான் காரணம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. அறை சுருங்குவது ஒரு பக்கம், ஒரு ஜன்னலும் அடைபடும்.

நான் புரோகிராமர், எனக்குத் தெரிந்த வழியில் பார்த்தேன். சாஸ்திரத்தின் உள்ளே இருப்பது மீதிக் கணக்கு. யோனிப் பொருத்தத்துக்கு, அகலத்தை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கணும். 1 கொடி, 2 புகை, 3 சிங்கம், 4 நாய், 5 எருது, 6 கழுதை, 7 யானை, மீதி இல்லாவிட்டால் காகம். ஒற்றைப்படை எல்லாம் நல்லது, இரட்டைப்படை எல்லாம் கெட்டது. 3 ஒற்றை எண், 8 இரட்டை எண். அதனால் பெருக்கவே வேண்டாம். அகலம் முழு முழமாக இருந்தால், ஒற்றைப்படை முழம் நல்லது, இரட்டைப்படை முழம் கெட்டது, அவ்வளவுதான் சூத்திரம்.

முழம் 18 அங்குலம் என்று வைத்தால் மாமாவின் 12 அடி 8 முழம். 24-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி இல்லை. காகம்! ஆனால் இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர். வெளிப்பக்கமாக அளந்தால் 13½ அடி, அதாவது 9 முழம். 27-இல் மீதி 3. சிங்கம்! சுவர் இம்மி நகரவில்லை. இதில் முழம் எவ்வளவு என்பதே தகராறு. மாமல்லபுரம் கல்லூரியில் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதி வழியினர் கொள்ளும் முழம் 33 அங்குலம். மனையடியில் வரும் அடி வீட்டுக்காரரின் பாதம்தான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

சீனத் தச்சர்களிடமும் இப்படி ஒரு கோல் இருக்கிறது, பெயர் லூ பான் கோல். நீளம் சுமார் 42.9 செ.மீ. அதிலும் எட்டுப் பிரிவு: செல்வம், நோய், பிரிவு, நேர்மை, பதவி, கொள்ளை, கேடு, மூலம். அங்கேயும் நாலு நல்லது, நாலு கெட்டது. கதவை அளக்கும்போது கோல் போக மிஞ்சுவது எந்தப் பிரிவில் விழுகிறது என்று பார்ப்பார்கள். இன்றைக்கும் சிவப்பும் கறுப்புமாக அச்சடித்த டேப்பாகவே கிடைக்கிறது. 12 அடி என்றால் 365.76 செ.மீ. எட்டு கோல் போக மிச்சம் 22.56. அது விழுவது ஐந்தாவது பிரிவில். பதவி!

எட்டில் நாலு நல்லதாக வைத்ததில் ஒரு தச்சனின் புத்தி இருப்பதாக எனக்குப் படுகிறது. எந்த அளவு கெட்டுப்போனாலும் கொஞ்சம் நகர்த்தினால் நல்லது வந்துவிடும். ஆனால் அது மரம் அறுப்பதற்கு முன்னால் செய்கிற கணக்கு. கட்டி, பூசி, குடிவந்த வீட்டுக்குள் டேப்போடு வருவதற்காக வைத்த கணக்காகத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஒரே தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். ரெண்டு தடவை படித்தார். "சிங்கம்னு போட்ட வரியை மட்டும் பெரிசா எழுதிக் கொடுப்பா, அத்தைகிட்ட காட்டணும்" என்றார். செங்கல் லோடை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்.