சீசன் போன வருடம்

கொடைக்கானல்காரர்களிடம் "சீசன் எப்படி?" என்று கேட்டால் ஏப்ரல், மே மாத வியாபாரத்தைப் பற்றித்தான் பதில் வரும். ஓட்டல்காரர், டாக்சிக்காரர், ஏரிக்கரையில் குதிரை விடுபவர், சாக்லேட் கடைக்காரர் எல்லோருக்கும் அந்த இரண்டு மாதச் சம்பாத்தியம்தான் வருடத்தில் பாதிக்கு மேல் சோறு போடும். 2020இல் அந்த சீசன் எங்களுக்கு இல்லாமலே போயிற்று. மார்ச் கடைசியில் ஊரடங்கு. மலைப்பாதையில் வண்டிச் சத்தமே இல்லை. பிரையண்ட் பூங்காவில் செடிகள் வழக்கம்போலப் பூத்தன. மலர்க் கண்காட்சி நடக்கவில்லை.

அதே வருடம் இன்னொரு சீசனும் கையைவிட்டுப் போனது. சென்னை சூப்பர் கிங்ஸின் 2020 ஐபிஎல் சீசன். போன வருடம், அதாவது 2025இல், பத்து அணிகளில் பத்தாவதாகச் சென்னை முடித்தபோது என் பேரன் தொலைபேசியில், "தாத்தா, இனிமேல் நான் மேட்ச் பார்க்கப் போவதில்லை" என்றான். அவனுக்குச் சொன்ன பழைய கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2020க்கு முன்னால் இந்த அணிக்கு இருந்த பெயரை இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும். 2008 முதல் 2015 வரை எட்டு சீசன், இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு 2018, 2019 என்று இரண்டு சீசன். ஆடிய பத்திலும் பிளே ஆஃப் சுற்றுக்குப் போன அணி அது. அதில் எட்டு முறை இறுதிப் போட்டி, மூன்று முறை கோப்பை. எங்கள் மலையில் குறிஞ்சி பூத்த 2018இல்தான் மூன்றாவது கோப்பை வந்தது. முப்பதைத் தாண்டியவர்களே நிறைந்த அணி என்பதால் 'டாடிஸ் ஆர்மி' என்று கேலி செய்தார்கள். கோப்பை வந்ததும் அதே கேலி செல்லப் பெயராகிவிட்டது. 2019 இறுதிப் போட்டியில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றார்கள்.

அடுத்த வருடம் கொரோனா. ஆட்டங்களை ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கு மாற்றினார்கள். ஆகஸ்ட் 15 அன்று தோனியும் ரெய்னாவும் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு அறிவித்தார்கள். 21ஆம் தேதி அணி துபாய்க்குப் பறந்தது. ஒரு வாரத்தில் அணியைச் சேர்ந்த 13 பேருக்குத் தொற்று என்று செய்தி. அதில் இருவர் ஆட்டக்காரர்கள்: தீபக் சாஹர், ருதுராஜ் கெய்க்வாட். ரெய்னா சொந்தக் காரணங்களுக்காக ஊர் திரும்பினார். ஹர்பஜன் போகவே இல்லை. சென்னைக்காக அதுவரை மிக அதிக ரன் எடுத்தவர் இல்லாமல் மூன்றாவது இடம் காலியாக நின்றது.

செப்டம்பர் 19 முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றபோது ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மூன்றும் தோல்வி. பிறகு பஞ்சாபை ஒரு விக்கெட்கூட இழக்காமல் வென்றார்கள். மறுபடி கொல்கத்தாவிடமும் பெங்களூரிடமும் தோல்வி. அக்டோபர் 17 டெல்லி ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசி ஓவரில் 17 ரன் வேண்டும். பந்துவீச வேண்டிய பிராவோ காயத்தால் வெளியே. ஜடேஜா வீசினார், அக்சர் படேல் மூன்று சிக்சர் அடித்து முடித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து ராஜஸ்தானிடம் தோற்றார்கள். அது தோனியின் 200ஆவது ஐபிஎல் ஆட்டம். இளைஞர்களிடம் ஒரு 'ஸ்பார்க்' தென்படவில்லை என்ற பொருளில் அன்று அவர் சொன்னதை வைத்து ஊரே கேலி செய்தது. 23ஆம் தேதி ஷார்ஜாவில் மும்பைக்கு எதிராக மூன்று ரன்னுக்கே நான்கு விக்கெட் போயிற்று. பத்து விக்கெட் தோல்வி. சென்னை வரலாற்றில் அதுவே முதல் முறை.

இந்த ஆட்டங்களில் பலவற்றை என்னோடு பார்த்தவர் பக்கத்து வீட்டு டாக்சிக்காரர். மாலை ஏழரைக்கு முகக்கவசத்தோடு வந்து வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். கார் கடனில் வாங்கியது. தவணை கட்டுவதற்குக் கொடுத்த சலுகையும் ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. காரை விற்றுவிடலாமா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். பகலில் வேறொருவரின் வேனில் காரட், பூண்டு மூட்டைகளை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போய் நாள் கூலி வாங்கினார். ஆனால் தினமும் விடியற்காலையில் அந்தக் காரைத் துடைத்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார். "சும்மா நின்றால் பேட்டரி இறங்கிடும் சார்" என்பார்.

அக்டோபர் 25 பிற்பகல் பெங்களூரை வென்றார்கள். அன்று இரவே ராஜஸ்தான் மும்பையை வென்றதால் சென்னையின் கணக்கு முடிந்தது. மீதி இரண்டு ஆட்டத்தில் வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி நாட்கள்தான்.

தொற்றிலிருந்து மீண்டு வந்த கெய்க்வாட் அதற்கு முன் மூன்று ஆட்டம் ஆடியிருந்தார். எடுத்த ரன்கள் 0, 5, 0. இப்படி ஒரு பையனை வெளியே உட்கார வைத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தொடர்ந்து ஆட விட்டார்கள். பெங்களூருக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 65, கொல்கத்தாவுக்கு எதிராக 72, நவம்பர் 1 அன்று பஞ்சாபுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 62. மூன்றிலும் வெற்றி. அந்தக் கடைசித் தோல்வியோடு பஞ்சாபும் வெளியேறியது. மஞ்சள் சட்டையில் இதுதான் கடைசி ஆட்டமா என்று டாஸ் நேரத்தில் கேட்டதற்கு, நிச்சயமாக இல்லை என்றார் தோனி. 14 ஆட்டம், 6 வெற்றி, 8 தோல்வி, எட்டு அணிகளில் ஏழாவது இடம்.

மறு வருடம் அதே பாலைவனத்தில், 2021 அக்டோபர் 15 அன்று, துபாயில் கொல்கத்தாவை 27 ரன்னில் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். அந்த சீசனில் எல்லா அணியிலும் சேர்த்து மிக அதிக ரன் எடுத்தவர் கெய்க்வாட், 635 ரன்.

எங்கள் ஊர் 1845இல் மதுரை வெயிலுக்குத் தப்பி மலையேறிய அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டிக் குடியேறியதால் வளர்ந்த ஊர். அவர்கள் நாட்டு பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒரு சீசனில் இப்போது 162 ஆட்டம். நம் 14 ஆட்டத்தில் ஒன்று தோற்பது அங்கே பதினொன்றுக்கும் மேல் தோற்பதற்குச் சமம். நியூயார்க் மெட்ஸ் என்ற அணி 1962இல், தன் முதல் சீசனிலேயே 120 ஆட்டம் தோற்றது, வென்றது 40. அதே அணி 1969இல் அவர்களுடைய உலகக் கோப்பையான வேர்ல்ட் சீரிஸை வென்றது. அவர்களுக்கு ஏழு வருடம் ஆயிற்று.

தோற்றால் அடுத்த வருடம் கோப்பை என்று விதி ஒன்றும் கிடையாது. சென்னை 2022இல் ஒன்பதாவது, 2023இல் சாம்பியன். ஆனால் 2024இல் ஐந்தாவது, 2025இல் கடைசி. தோல்வி தானாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த நாட்களில் என்ன செய்தோம் என்பதுதான் பின்னால் கணக்கில் வருகிறது.

டாக்சிக்காரர் காரை விற்கவில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்து ஆட்கள் மலையேறத் தொடங்கியதும் முதல் சவாரிக்கு அந்த வண்டி ஒரே சாவித் திருப்பலில் கிளம்பியது. 2021 மே மாதம் மறுபடி ஊரடங்கு வந்து அவரை மறுபடி அடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதையும் தாண்டி இன்றும் ஓட்டுகிறார்.

பேரனிடம் நான் சொன்னது இவ்வளவுதான். 2025இன் பட்டியலை மடித்து வைத்துவிட்டு மே 25 ஆட்டத்தை மட்டும் எடுத்துப் பார். எப்போதோ வெளியேறிவிட்ட அணி, பட்டியலில் முதலிடத்தில் இருந்த குஜராத்தை அவர்கள் ஊரிலேயே 83 ரன்னில் வென்றது. தொடக்க ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு அன்று வயது 17.