திருநெல்வேலித் திருச்சபையும் அனுப்பும் அதிகாரமும்

இயேசு பன்னிருவரைத் தெரிந்துகொண்ட செய்தியை எழுதப் புகுந்த மாற்கு, அவர்கள் தம்மோடு இருத்தல் வேண்டும் என்பதையும், பிரசங்கிக்கும்படி அனுப்பப்படல் வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். அழைப்பும் அனுப்புகையும் அங்கே ஒரே செயலின் இரு பாதிகள். பிற்காலத்தில் அந்தியோகியாவிலும் சபையாரே உபவாசித்து ஜெபித்து, தங்களுள் சிறந்த இருவரான பர்னபாவையும் சவுலையும் கைவைத்து வழியனுப்பினார்கள். ஆனால் தமிழகத்துப் புரொட்டஸ்டண்டுச் சபைகளின் சரித்திரத்தில் இவ்விரண்டும் நெடுங்காலம் பிரிந்தே நின்றன. அழைப்பு நம்மவர்க்கு விரைவில் வாய்த்தது. அனுப்பும் அதிகாரமோ பணம் கொடுத்தவர்கள் கையிலேயே தங்கிவிட்டது.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கினால் அனுப்பப்பட்ட சீகன்பால்கும் புளுச்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார்கள். கடலூரில் பிறந்து, ஆறுமுகம் என்னும் பெயருடன் வளர்ந்து, 1718இல் சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், உபதேசியாராகப் பல ஆண்டுகள் ஊர் ஊராக உழைத்தபின், 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் புரொட்டஸ்டண்டு குருப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. மாயூரம் சுற்றுவட்டாரச் சபைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் பெற்ற பட்டம் முழுமையானதே. ஆயினும் அவர் எங்கே செல்வது, என்ன சம்பளம் பெறுவது என்பனவற்றை நிர்ணயித்தவர்கள் தரங்கம்பாடி மிஷனெரிமார்களும், அவர்களுக்குப் பின்னால் நின்ற கோபன்ஹேகன், ஹாலே நகரத்துப் பெரியோர்களுமே.

இங்கே இராஜநாயக்கன் என்பவரைக் குறிப்பிடாமல் மேலே செல்லுதல் நேர்மையாகாது. தஞ்சை மன்னரின் படையில் சேவகம் புரிந்த ரோமன் கத்தோலிக்கரான இவர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்து மனம் மாறி மிஷனைச் சேர்ந்தவர். ஐரோப்பிய மிஷனெரிமார் எளிதில் நுழைய முடியாதிருந்த தஞ்சை நாட்டில் சபைகளை வளர்த்தவர். தகுதியில் இவர் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். எனினும், பறையர் குலத்தில் பிறந்த ஒருவர் கையிலிருந்து வேளாளர் நற்கருணை வாங்கமாட்டார் என்ற அச்சத்தினால் அவருக்குக் குருப்பட்டம் அளிக்க மிஷனெரிமார் தயங்கினர். 1741இல் தியோகு என்பவருக்கே அப்பட்டம் அளிக்கப்பட்டது. இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். தடை ஐரோப்பாவிலிருந்து மட்டும் வந்தது என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் இந்த நிகழ்ச்சியை மறந்துவிடுதல் வழக்கம்.

அனுப்புமாறு கேட்கும் குரல் சபைக்குள்ளிருந்தே எழுந்ததற்கு முதற்பெரும் சான்று பாளையங்கோட்டையில் கிடைக்கிறது. தஞ்சை மராத்திய பிராமண குலத்தில் பிறந்து, இளம் வயதில் விதவையாகி, ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்த கிளாரிந்தா அம்மையாருக்கு, ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்து, அவ்வதிகாரியின் மரணத்திற்குப் பின், 1778இல் கொடுத்தார். அம்மையார் கட்டுவித்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவருடைய மன்றாட்டின் பயனாகவே தஞ்சையிலிருந்து சத்தியநாதன் உபதேசியார் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பதே. 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடி வரை சுற்றி வந்தார். அழைத்தவர் ஒரு விதவை; அனுப்பியவர் ஒரு ஜெர்மானிய ஐயர்; செலவை ஏற்றதோ லண்டன் நகரத்துச் சங்கம். இந்த அமைப்பு அடுத்த நூறாண்டுக்குப் பெரிதும் மாறவில்லை.

அதை மாற்ற முயன்றவர் ஜெர்மானிய மிஷனெரியான இரேனியுஸ் ஐயர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த அவர், உள்ளூர் உபதேசியார்களைக் கொண்டே ஊழியம் பெருகவேண்டும் என்று நம்பி, அவர்களுக்கென ஒரு செமினெரியை நிறுவி, பயின்றவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர் காலத்தில் சபைகள் பெருகிய வேகம் அதற்கு முன் காணாதது. ஆனால் அவ்வுபதேசியார்களுக்குத் தம்முடைய லுத்தரன் முறைப்படியே குருப்பட்டம் அளிக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தியபோது, அவரை ஆதரித்த சர்ச் மிஷனெரி சங்கம் ஆங்கிலிக்கன் அத்தியட்சர் மூலமே அது நடைபெறல் வேண்டும் என்று மறுத்தது. ஆங்கிலிக்கன் சபை முறைகளை அவர் வெளிப்படையாகக் கண்டித்தமையும் சேர்ந்துகொள்ள, 1835இல் அவர் நீக்கப்பட்டார். சபைகள் இரண்டுபட்டன; 1838இல் அவர் மறைந்த பின்னரே பிளவு மெல்ல ஆறியது. இதனைக் கொள்கைப் பூசல் என்றே பலர் எழுதுவர். பாளையங்கோட்டையில் உருவான ஊழியரை உலகின் எம்மூலையிலிருப்பவர் அங்கீகரிக்கவேண்டும் என்பதே அதன் உள்ளீடு என்று எனக்குத் தோன்றுகிறது. இப்பூசலில் உபதேசியார்களின் கருத்து அதிகமாகக் கேட்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

அனுப்பும் அதிகாரம் யாருடையது என்ற கேள்விக்கு விடை யாழ்ப்பாணத்தின் வழியாக வந்தது. வெள்ளாளன்விளைக் குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் மகனாக 1874இல் பிறந்த அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாகத் தென்னாடு முழுதும் சுற்றி வந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பொருளைக்கொண்டே கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிவருவதை அவர் அறிந்தார். திருநெல்வேலியாரைவிடத் தொகையில் மிகச் சிறியதான ஒரு சமூகம், தமிழகக் கரைக்கே மிஷனெரிமாரை அனுப்புகின்றது. ஒன்றேகால் நூற்றாண்டு மரபுடைய திருநெல்வேலியோ வாங்கும் கையாகவே இருக்கின்றது. அந்த வெட்கமே வித்தாயிற்று. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆள், பணம், நிர்வாகம் ஆகிய மூன்றும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. 1905 டிசம்பர் 25இல் செராம்பூரில் உருவான தேசிய மிஷனெரி சங்கம் இதே விதியை அகில இந்தியாவுக்கும் விரித்தது.

புதிய சங்கம் தேர்ந்துகொண்ட களம் நிஜாம் ராஜ்யத்தைச் சார்ந்த தோர்ணக்கல். பாஷை தெலுங்கு, மக்களில் மாலர், மாதிகர் முதலிய ஒடுக்கப்பட்டோர் மிகுதி. தாமிரபரணிக் கரையிலிருந்து சென்றவர்கள், ஐரோப்பியர் தமிழ் கற்றதுபோல், அந்நிய பாஷையை அகராதி கொண்டு கற்கவேண்டியவராயினர். பிறரை அனுப்பிய அசரியா 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்குக் குடியேறினார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் பேசியபோது, மேலைநாட்டு மிஷனெரிமார் இந்திய ஊழியர்களிடம் பரிவு காட்டினரேயன்றிச் சிநேகம் காட்டவில்லை என்று அவர் நேராகவே குறைகூறியது பலரைச் சுட்டது. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தேவாலயத்தில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவர்.

அவர் கைக்கொண்ட வழக்கம் ஒன்று ஆராய்ச்சியாளர் கருத்தை ஈர்க்கும். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலைமேல் தாமே கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிப்பது தம்மேல் விழுந்த கடமை என்ற பவுலின் உறுதியைத் தமதாக்கிக்கொள்ளும்படி அவர் செய்வித்தார். கல்வியும் சம்பளமும் பட்டமும் வருமுன்னரே, சேர்ந்த நாளிலேயே ஒருவர் அனுப்பப்பட்டவராகிறார். குருத்துவப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் தம் மனைவியருடன் தங்கிப் பயில ஏற்பாடு செய்ததும் இவ்வெண்ணத்தின் தொடர்ச்சியே. இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது தோர்ணக்கலில் மாலருக்கும் மாதிகருக்கும் கிடைத்தது.

இத்தனைக்குப் பின்னரும், தெலுங்கு நாட்டுக்கு ஓர் அத்தியட்சரை ஈந்த திருநெல்வேலி, தன் சொந்தப் பீடத்தில் ஆங்கிலேயர்களையே வரிசையாகக் கண்டது. அசரியா 1945 ஜனவரி முதல் நாள் மறைந்தபோதும் அந்நிலை மாறவில்லை. அப்பீடத்தில் ஒரு தமிழர், ஏ. ஜி. ஜெபராஜ், அமர்ந்தது 1953இல்தான்.